ஒற்றைக் கண்

ஹர்ஜஸ் மூன்றாம் முறையாக அண்ணனின் இமைகளை அழுத்திப் பிடித்துவிட்டுக் கையை எடுத்தான். கிர்புவின் கண்கள் மறுபடியும் திறந்துகொண்டன. முற்றத்தில் மூங்கில் பாடை தயாராக இருந்தது.

"அண்ணி, பலகையில ராதை படம் இருக்கே, அதுக்கு அண்ணன் கண்ணு வெச்சாரா?"

"நேத்து நகையெல்லாம் போட்டு முடிச்சாரு. கண்ணு காலையிலன்னாரு. காலையில ஆளே இல்ல." பிந்த்ரோவுக்கு அழுகையைவிடக் கோபம்தான் முட்டிக்கொண்டு வந்தது.

"அதான் மூட மாட்டேங்குது. படத்துக்குக் கண்ணைத் திறக்காமப் போனா, போனவங்க கண்ணு மூடாதுன்னு அப்பா சொல்வாரே. நீங்களே வெச்சிடுங்க. எனக்கு பஸ் ஓட்டுற கை."

முப்பது வருடமாக வண்ணம் அரைத்துக் கொடுத்தவள், ஒரு முகத்திலும் கை வைத்ததில்லை. அணில் முடித் தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கி, கிளிஞ்சலில் இருந்த மையைத் தொட்டு, பக்கவாட்டில் திரும்பியிருந்த ராதைக்குக் கண் எழுதினாள். ஒரு கண்தான். அந்த வீட்டில் எழுதும் முகங்களுக்கெல்லாம் ஒரு கண்தான்.

திரும்பி வந்து பார்த்தால், கிர்புவின் இடது கண் மூடியிருந்தது. வலது கண் அவளையே பார்த்தது.

ஹர்ஜஸும் குனிந்து பார்த்தான். "இன்னொரு படம் எங்கயோ இருக்கு, அண்ணி. தேடுங்க."

பலகைக்கு அடியில் இருந்தது. அரைகல்லின் முன் குனிந்திருக்கும் ஒரு பெண், தாடையில் மச்சம். பிந்த்ரோவேதான். எப்போது எழுதினார் என்றே அவளுக்குத் தெரியாது. கண் இருக்கவேண்டிய இடத்தில் வெறும் தாள். வீட்டு மனிதர்களின் படத்துக்கு அவர்கள் உயிரோடு இருக்கும்போது கண் வைக்கமாட்டார்கள்; வைத்தால் ஆள் தங்காது என்பார்கள். மாமியாருக்குக்கூட அவள் போன அன்றுதான் வைத்தார்கள்.

தூரிகை இன்னும் ஈரமாக இருந்தது. கூடவே போய்விட்டால் என்ன என்று ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது. தொழுவத்தில் கறக்காத மாடு கத்தியது. அவள் தூரிகையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"கிடைச்சுதா அண்ணி?"

"தூக்குங்க."

"அந்தக் கண்ணு...?"

"பாத்துக்கிட்டே போகட்டும்."

பாடை வாசலைத் தாண்டும்போது முகத்துணி விலகியது. ஊர்ப் பெரியவர்கள் அத்தனை பேரும் நிற்க, பிந்த்ரோ தாடைவரை இழுத்து விட்டிருந்த முக்காட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, அந்தத் திறந்த கண்ணுக்கு நேராக முழு முகமும் தெரியத் திரும்பி நின்றாள்.