முடிக்க விடு

"ஜன்னலுக்கு ரெண்டு டீ, சர்க்கரை தூக்கலா! மூலைக்கு ஒரு காப்பி, அளவா! வாத்தியாருக்கு ஹூக்கா, கங்கு புதுசா!"

தட்டை ஒரு கையில் உயர்த்திப் பிடித்து, அடுப்படியைப் பார்த்து ஷெஹாத்தா இழுத்துப் பாடினார். எகிப்தில், மன்சூரா ரயிலடிக்குப் பின்னால் இருந்த அந்தக் காப்பிக்கடையில் அவர் தலை நரைத்ததே இந்தப் பாட்டில்தான். பாடும்போது ஒரு சொல்லும் தடுக்காது. பேச வாயெடுத்தால் கல்லில் மோதின வண்டி மாதிரி நாக்கு நின்றுவிடும். சின்ன வயதில் அம்மா ஆட்டு நாக்கை அவித்துப் போட்டுப் பார்த்தாள். ருசியாக இருந்தது. திக்கல் போகவில்லை.

முதலாளி படுத்த படுக்கையானதும், மகன் ஹாஸிம் துபாயிலிருந்து வந்து கல்லாவில் உட்கார்ந்தான். "இது கடையா, சந்தையா? இனிமே யாரும் கத்தக்கூடாது" என்று பரிமாறுகிறவர்கள் காதில் ஒரு கருவியை மாட்டினான். யாருக்கு என்ன வேண்டும் என்பதை அதில் மெதுவாக அடுப்படிக்குச் சொல்லவேண்டும்.

"ரெ-ரெ-ரெ..." என்றார் ஷெஹாத்தா. அடுப்படியில் சிரித்தார்கள்.

"சித்தப்பா, நாக்கைச் சரி பண்ணிட்டு வா. அதுவரைக்கும் உள்ள கிளாஸ் கழுவு" என்றான் ஹாஸிம். உறவில்லை, வயசுக்காக அப்படிக் கூப்பிடுவான்.

கழுவுகிறவனுக்கு வாடிக்கைக்காரர்கள் தரும் காசு கிடையாது. ஷெஹாத்தா வீட்டில் அடுப்பெரிவதே அந்தக் காசில்.

அரசு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி தரும் நெவீன் சின்னப் பெண். முதலில், மூச்சை விட்டு, சொல்லை இழுத்து மெதுவாகப் பேசச் சொன்னாள். அப்படிப் பேசினார். "என்ன சித்தப்பா, ஒட்டகத்துக்குத் தாலாட்டா?" என்றான் ஹாஸிம்.

"உ-உன் வைத்தியம் உ-உதவாது" என்று நெவீனிடம் போய்ச் சொன்னார்.

"அது ஒரு வழி. ஒத்து வரலேன்னா இன்னொண்ணு. மறைக்காதீங்க. வேணும்னே திக்குங்க, கண்ணைப் பாத்துத் திக்குங்க. உங்க பேச்சை வேற யாரும் முடிக்க விடாதீங்க."

"ப-பைத்தியமா உனக்கு? ஆயுசு பூரா இ-இதைத்தானே மறைச்சேன்."

"மறைச்சு என்ன கெடைச்சுது?"

அந்தக் கேள்விதான் அவருக்கு எரிச்சல்.

டிவியில் பந்தாட்டம் நடந்த அன்று கடை நிரம்பி வழிந்தது. ஷெஹாத்தா ஈரக்கையைத் துடைத்தார். தட்டை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்து, கல்லாவுக்கு நேரே நின்றார்.

"உன்னை யாரு வெளிய வரச் சொன்னது?"

"எ-எ-எ..." வேண்டுமென்றே இன்னொன்றையும் சேர்த்துக்கொண்டார். "எ-எ..."

"எனக்குக் காசு வேணும், அதானே?" என்று ஹாஸிம் முடித்துவைத்தான்.

"ந-நான் முடிக்கிறேன்." கண்ணை எடுக்கவில்லை. "எ-என்னை வேலைக்கு வெச்சப்பவே நான் தி-திக்குவாய்தான். உங்கப்பா கா-காத்திருந்து கேட்டாரு. நீயும் கே-கேளு."

ஹாஸிம் வாயைத் திறந்தான். ஹூக்கா பிடித்துக்கொண்டிருந்த பஸ்யூனி வாத்தியார் கைத்தடியால் தரையைத் தட்டினார். "பேசட்டும் விடுப்பா. பந்து எங்கயும் ஓடிடாது."

"எ-என் இடம் இந்தக் கூ-கூடம். அவ்வளவுதான்."

"முடிச்சாச்சா? தட்டை வெச்சுட்டு உள்ள போ. இல்லேன்னா வீட்டுக்குப் போ."

ஷெஹாத்தா உள்ளே போய்க் குழாயைத் திறந்தார். வெளியே டிவியில் யாரோ பந்தை வலைக்குள் போட்டார்கள். கடையே எழுந்து கூவியது. அந்த இரைச்சலில் கருவியில் பேசியது எதுவும் அடுப்படிக்குப் போய்ச் சேரவில்லை. பஸ்யூனி வாத்தியார் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கத்தினார்: "ஷெஹாத்தா! எங்கப்பா என் டீ?"

கழுவுதொட்டியிலிருந்து குரல் எழும்பியது. "வாத்தியாருக்கு ஒரு டீ, சர்க்கரை தூக்கலா!"

ஹாஸிம் எழுந்துபோய் அடுப்படிக் கதவை அறைந்து சாத்தினான்.

"ஜன்னலுக்கு ரெண்டு, புதினா போட்டு!" கதவைத் தாண்டிப் பாட்டு வந்தது. பின்னாலேயே டீயும் வந்தது. தட்டில் வாத்தியார் வைத்த காசை, காதில் கருவி மாட்டியவன் எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு நகர்ந்தான்.