மண்வெட்டி கழுவுகிற இடம்

பொழுது விடிந்து தேவகி கிணற்றடிக்கு வந்தபோது கத்தரிப் பாத்தியில் நான்கு செடிகள் வேரோடு சாய்ந்து கிடந்தன. பக்கத்தில் ஒரு முறம் அளவுக்குப் புது மண் குவிந்திருந்தது. பெருச்சாளியின் வேலை. முந்தாநாள் வேலியோரம் இருந்த குவியல், நேற்று சேப்பங்கிழங்குக்கு வந்து, இன்று கத்தரிக்கு வந்துவிட்டது. நாளைக்கு எங்கே தோண்டுமோ என்று அவள் தோட்டம் முழுதும் கண்ணை ஓட்டினாள்.

இந்தத் தோட்டத்தில் எங்கோ ஓரிடத்தில்தான் அவள் குழந்தை கிடந்தது.

போன ஐப்பசி அடைமழையில் பிறந்து மூன்றே நாள் இருந்த ஆண் குழந்தை. தலைச்சன். தலைச்சன் பிள்ளையை ஊருக்கு வெளியே புதைத்தால் மாந்திரீக மை வைக்கிறவன் தோண்டி எடுத்துப் போய்விடுவான் என்று பெருநகர் கிராமத்தில் எல்லோருக்கும் பயம். அதனால் வீட்டுத் தோட்டத்திலேயே புதைப்பார்கள். இடத்தை யாருக்கும் சொல்ல மாட்டார்கள், பெற்றவளுக்கும்கூட. தெரிந்தால் அங்கேயே போய் விழுந்து கிடப்பாள் என்று. அவள் புருஷன் தாமோதரன் விடிவதற்கு முன்னால் தனியாகப் போய் அந்தக் காரியத்தை முடித்துவிட்டு வந்து கிணற்றடியில் குளித்தான். மழை விட்டதும் வயலுக்குப் போய்விட்டான்.

அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள். "எங்க வச்சீங்க?"

"அதெல்லாம் ஒனக்கெதுக்கு?" என்று சொல்லித் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. அவன் கண்ணில் ஒரு சொட்டு நீரை அவள் பார்க்கவில்லை. கல் மனசு என்று அன்றைக்கு முடிவு கட்டிக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் தோட்டத்தில் குதிகாலை அழுத்தி வைப்பதில்லை. துணி உலர்த்தப் போனாலும் விரலூன்றித்தான் நடப்பாள்.

கூழ் குடிக்கும்போது மாமியார் தாயாரம்மாள் பேச்சை எடுத்தாள். "இருசப்பனக் கூப்ட்டா வளைய தோண்டி எடுத்துடுவான்."

"வாணாம். முள்ளு போட்டு அடைச்சிக்கீறேன்," என்றான் தாமோதரன்.

"நீ அடைச்ச முள்ளுல அது பல்லு குத்திக்கினு கீதுடா."

"கெழங்குதானே, போனா போவுது," என்று பாதிக் கூழோடு எழுந்து போனான். இதற்குக்கூட இவனுக்கு மனசு வரவில்லையே என்று தேவகி நினைத்துக்கொண்டாள். அவன் தலை மறைந்ததும் அவளே மாமியாரிடம் போய், "ஆள அனுப்புங்க அத்த," என்றாள்.

உத்திரமேரூர் பஸ் போன பிறகு இருசப்பன் வந்தான். தோளில் கோணிப்பை, கையில் குட்டைக் கடப்பாறை, அடியில் துளை போட்ட பானை ஒன்று. ஏரிக்கரையில் குடியிருக்கிற இருளர் இனத்தவன். எலி பிடிப்பதே அவனுக்குப் பிழைப்பு.

"எலியும் எனுக்கு, வளையில கீற நெல்லும் எனுக்கு. அப்பால பேச்சு மாறக் கூடாதும்மா."

"எல்லாத்தையும் எடுத்துக்கோ. எலியோட பொண்டாட்டியயும் இட்டுக்கினு போ," என்றாள் மாமியார்.

"வூட்ல ஒண்ண வச்சிக்கினே பேஜாரா கீது."

தாயாரம்மாள் வெற்றிலைச் சாறு தெறிக்கச் சிரித்தாள். தேவகிக்குச் சிரிப்பு வரவில்லை. அவன் வளையைத் தொட்டுத் தொட்டுப் பின்தொடர்ந்து தோண்டினான். சிவப்பு மண் இருபுறமும் ஏறியது. பாத்தியைத் தாண்டி, துவைகல்லைத் தாண்டி, கொய்யா மரத்தை நெருங்கியதும் கடப்பாறை நின்றது. குனிந்து ஒரு பிடி மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தான்.

"இது தோட்டத்து மண்ணு இல்லியே. மேல ஒரு சாண் ஒசரத்துக்கு கறுப்பா வயலு மண்ணு. யாரு கொட்னது?"

"எம் மவன்தான். தெனமும் அங்கதான் மம்முட்டி கழுவுவான். கெணத்தாண்ட கழுவுடான்னா காதுல வாங்கறதில்ல."

தேவகியும் எத்தனையோ தடவை அதற்காக அவனிடம் சடைத்துக்கொண்டிருக்கிறாள். இருசப்பன் கடப்பாறையை மறுபடி ஓங்கினான்.

"நிறுத்து! டேய், நிறுத்துடா!"

வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு தாமோதரன் ஓடிவந்தான். வயலிலிருந்தே இருசப்பனின் குனிந்த முதுகைப் பார்த்திருக்க வேண்டும். வந்த வேகத்தில் மரத்தடியில் மண்டி போட்டு, இரண்டு கையையும் அகல விரித்து மண்ணின் மேல் வைத்துக்கொண்டான். "இங்க வாணாம். இங்க வாணாம் இருசப்பா." அந்தக் குரலை தேவகி இதுவரை கேட்டதில்லை.

"இன்னாடா ஆச்சு ஒனக்கு?" என்றாள் தாயாரம்மாள்.

தேவகி அந்தக் கறுப்பு மண்ணையே பார்த்தாள். ஒரு நாளைக்கு ஒரு மண்வெட்டியில் எவ்வளவு சேறு ஒட்டும்? அது ஒரு சாண் ஏறுவதற்கு எத்தனை சாயங்காலம் ஆகியிருக்கும்?

இருசப்பன் கடப்பாறையைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். "தோண்ட வாணாம் சாமி. வளை திரும்பிக்கிச்சு," என்றான். வளை நேராகத்தான் போயிருந்தது. அது தேவகிக்கும் தெரிந்தது. அவன் தோண்டிய வாயில் கோணிப்பையை விரித்துப் பொருத்திவிட்டு, வேலியோரத்து வளை வாயில் பானைக்குள் வைக்கோலைக் கொளுத்தி வைத்து ஊதினான். கொஞ்ச நேரத்தில் பை ஒருமுறை எகிறியது. அதைத் தரையில் ஓங்கி அடித்து முடிச்சுப் போட்டான். அப்புறம் இரண்டு வாயையும் கல் போட்டு அடைத்து, மண்ணைத் தள்ளி, காலால் மிதிக்காமல் உள்ளங்கையாலேயே தட்டித் தட்டி மூடினான்.

"நெல்லு எடுக்கலியா?" என்றாள் தாயாரம்மாள்.

"அது அங்கியே கெடக்கட்டும்மா."

"பேச்சு மாறக் கூடாதுன்னியே?"

"மாறிட்டேன்," என்று பையைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தான்.

தாமோதரன் மறுபடி வயலுக்குப் போனான். வெயில் தாழ்ந்ததும் வந்தான். தோளில் மண்வெட்டி. வழக்கமாக நேரே கொய்யா மரத்துக்குப் போகிறவன், இன்றைக்குக் கிணற்றடியில் திகைத்து நின்றான். தேவகி செம்பில் தண்ணீர் மொண்டுகொண்டு அவன் கையிலிருந்து மண்வெட்டியை வாங்கினாள். அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்தது. குதிகால் முழுதும் மண்ணில் பதிய நடந்தாள். பின்னாலேயே அவன் காலடிச் சத்தம் கேட்டது.

மரத்தடியில் உட்கார்ந்து செம்பைச் சாய்த்தாள்.

"மெள்ள ஊத்து," என்றான் தாமோதரன், பக்கத்தில் குந்தி.

இரும்பில் காய்ந்திருந்த சேறு நனைந்து, இளகி, ஒரு கறுப்பு நூலாக இறங்கி, அவர்கள் இருவருக்கும் நடுவில் மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது.