டப்பாக்களுக்கு அருள்சாமியின் முன்னுரை

"அன்பார்ந்த சூசைமேரி, நான் அருள்சாமி பேசுகிறேன். தற்சமயம் உன் கையில் இருக்கும் டப்பாவில் உள்ளது என்னவென்றால்..."

கடக். பெட்டி அடங்கிவிட்டது.

சூசைமேரிக்குச் சுர்ரென்று ஏறியது. அடுத்த டப்பாவின் அட்டையை உருவிச் செருகினாள். அதிலும் அன்பார்ந்த சூசைமேரி. அதற்கடுத்ததிலும் அதே. அடுப்பில் எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது. மோந்து பார்க்கலாமென்றால் சளி பிடித்து மூக்கு அடைத்துக் கிடக்கிறது.

மகள் ஜெரினா சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய பெட்டி அது. அட்டையைச் செருகினால், அதில் பதிந்த குரல் பத்து விநாடி மட்டும் பேசும். பார்வை போன அம்மாவுக்குச் சமையலறையில் உதவும் என்று அனுப்பினாள். பதிகிற வேலை அப்பா அருள்சாமியிடம் போனதுதான் வினை. முப்பது வருஷமாகக் கோயில் மைக்கில் அறிவிப்பு வாசித்த மனுஷர். அட்டை கட்ட வசதியாக இருக்கட்டும் என்று, அவள் தடவியே அடையாளம் கண்டுகொண்டிருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலையும் பிஸ்கட் டின்னையும் தூக்கிக் கடாசிவிட்டு, எல்லாவற்றையும் ஒரே அளவு புது டப்பாக்களுக்கு மாற்றியதும் அவரேதான்.

இன்றைக்கென்று பார்த்து ஆன்றோ வருகிறான். திருச்சியில் இருக்கும் தம்பி. "கண்ணு தெரியாம அடுப்புக்கிட்ட நின்னா என்னக்கா ஆகுறது? வீட்டப் பூட்டிட்டு ரெண்டு பேரும் எங்கிட்ட வந்துருங்க" என்று போனில் சொன்னவன், நேரில் பார்த்து முடிவு பண்ணப்போகிறானாம். அவன் வருவதற்குள் தனியாக ஒரு கறிக்குழம்பு வைத்துக் காட்டிவிட வேண்டும். அவ்வளவுதான். அவளுடைய வீடு மொத்தமும் அந்தக் குழம்பில்தான் இருந்தது.

அடுப்பை அணைத்தாள்.

"ஏங்க! இங்குட்டு வாங்க. என்னத்தப் பேசி வச்சிருக்கீக?"

"எடுத்ததும் பேரச் சொன்னா நல்லாவா இருக்கும்? ஒரு மரியாதை வேணாமா மேரி?"

"மல்லித்தூளுக்கு எதுக்குங்க மரியாதை? ஒவ்வொண்ணாத் தொறந்து பேர மட்டும் சொல்லுங்க. வேற ஒரு வார்த்தை வந்துச்சு, கரண்டிதான் பேசும்."

அவர் முனகியபடியே சொல்லச் சொல்ல, பழையதை அழித்துத் தன் குரலில் பதிந்தாள். பிறகு அவரைக் கூடத்துக்கு விரட்டிவிட்டு மறுபடி அடுப்பைப் பற்றவைத்தாள்.

ஆன்றோ வந்தபோது குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. நேரே சமையலறைக்கு வந்தான்.

"நீயா வச்ச? இல்ல, அத்தான் வச்சாரா?"

"அந்த மனுசன் வச்சிருந்தா இந்நேரம் முன்னுரையே முடிஞ்சிருக்காது."

அவன் சிரித்தான். அவள் நீட்டிய காப்பியை ஒரு வாய் குடித்தான்.

"சீனி பத்தலக்கா. எங்குட்டு இருக்கு?"

"பெட்டியக் கேளு."

அட்டையை உருவும் சத்தம். 'மல்லித்தூள்' என்றது அவள் குரல். அடுத்தது, 'உப்பு.' அதற்கடுத்தது, 'சீனி. ஒரு கரண்டி போதும். எடுத்தவுக மூடிய இறுக்கி மூடணும்.'

சூசைமேரி திரும்பவில்லை. குழம்பைக் கிண்டியபடி காதை மட்டும் அவன் பக்கம் வைத்திருந்தாள். திருச்சிப் பேச்சை இப்போது எடுப்பான், இதோ எடுக்கப்போகிறான். டம்ளரில் கரண்டி சுழன்றது, நின்றது. டப்பாவை மூடினான். மூடி இறுகிய பிறகும் அவன் அதைத் திருகிக்கொண்டே இருப்பது கேட்டது. "குழம்பு எப்பக்கா எறங்கும்? பசிக்குது" என்றான்.