போக்ஸ் கம்பி விழுந்த சுவர்

சைக்கிள் கடைக்காரருக்குக் கை ஓய்ந்தாலும் வாய் ஓயாது. "புதுக் கடைச் சுவர்ல சைக்கிள் படம் நானே வரையப்போறேன். நாளைக்குத் திறக்கும்போது வந்து பாருங்க" என்று மனைவியின் அண்ணனிடம் சவடால் விட்டிருந்தார்.

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். "மாப்ளே, பழைய கடையில நீங்க வரைஞ்சதைப் பார்த்துட்டு, மூக்குக்கண்ணாடிக் கடையான்னு ஒருத்தர் கேட்டாரே! பேசாம ஒரு பெயின்டரைக் கூப்பிடுங்க."

கடைக்காரருக்குச் சுருக்கென்று தைத்தது. இருட்டியதும், பழுதுபார்க்க மச்சான் விட்டுப்போயிருந்த சைக்கிளையே சுவருக்கு முன்னால் நிறுத்தி, எதிரே விளக்கைப் போட்டார். விழும் நிழலை அப்படியே சாக்பீஸால் இழுத்துவிட்டால் படம் தயார். யோசனை என்னவோ பிரமாதம்தான். நிழல்தான் ஒத்துழைக்கவில்லை. சக்கரங்கள் தேய்க்காத தட்டு மாதிரி மங்கலாகக் கிடந்தன. உள்ளே ஒரு போக்ஸ் கம்பிகூட இல்லை.

வெளிச்சம் போதவில்லை போலும் என்று பெரிய உருண்டை விளக்கை மாட்டினார். ஓரம் இன்னும் குழைந்தது. பக்கத்துக் கடையில் பூசணிக்காய் அளவு விளக்கு ஒன்றை இரவல் வாங்கி வந்தார். இருந்த ஓரமும் கரைந்துபோய், அசல் மூக்குக்கண்ணாடியே சுவரில் வந்து உட்கார்ந்தது. மச்சானின் சிரிப்பு காதில் கேட்டது.

மனைவி வந்து நின்றாள். "ஏங்க, சாப்பாடு ஆறிப்போச்சு. இந்தச் சுவர் எங்கேயும் ஓடிடாது, வாங்க." விளக்கைப் பட்டென்று அணைத்தாள். வழி தெரியச் செல்போன் டார்ச்சைப் போட்டாள்.

சுவரில் அத்தனை கம்பிகளும் கத்தியால் கீறினதுபோல் எழுந்து நின்றன.

"அசையாதே!"

"ஐயோ, பாம்பா?"

"கம்பிடீ! கம்பி! பொட்டு அளவு வெளிச்சம் போதும்னு தெரியாம, பூசணிக்காயைக் கட்டித் தூக்கிட்டு வந்திருக்கேன் பாரு!"

"கை கடுக்குது. வாயை மூடிட்டு வரைங்க."

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக வாயை மூடினார். சாக்பீஸ் சுவரில் பறந்தது. அதன்மேல் கறுப்பு பெயின்ட் ஏறி முடிந்தபோது அவளே கைதட்டினாள்.

காலையில் கடை வாசலில் கூட்டம். மச்சான் சுவரையே சுற்றிச் சுற்றி வந்தார். சிரிக்க ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் பின்சக்கரத்தில் விரலை வைத்தார். முகம் மலர்ந்தது.

"பார்த்தீங்களா மாப்ளே, ஒரு கம்பி வளைஞ்சிருக்கே!"

"வளைஞ்சதுதான் மச்சான். அது உங்க சைக்கிளாச்சே! உள்ளே வாங்க, கோட்டம் எடுத்துத் தர்றேன். கடையோட முதல் வேலை உங்களுதுதான்."

வாசலே சிரித்தது. அதிகமாகச் சிரித்தது மச்சானின் தங்கச்சிதான்.