பின்னறைச் சுவரில் அடித்த ஆப்பு

எங்கள் தெருவுக்குக் கீழே மலை வெறும் ஓட்டை. ஈயத்துக்கும் துத்தநாகத்துக்கும் எந்தக் காலத்திலோ யார் யாரோ குடைந்துபோட்ட சுரங்கங்களில் பாதிக்கு வரைபடமே கிடையாது. அதனால் சுவரில் விரிசல் விழுந்தால் இங்கே யாரும் முதலில் கொத்தனாரைக் கூப்பிடுவதில்லை.

அப்பா படுத்திருக்கும் பின்னறையில், தலைமாட்டுச் சுவரில், மழைக்குப் பிறகு ஒரு விரிசல் தெரிந்தது. சுரங்கத்தில் கூரை சரியாமல் முட்டுக்கட்டை நிறுத்தும் வேலையில் நுரையீரலைத் தொலைத்தவர் அவர். நாலடி நடந்தால் மூச்சு வாங்கும். முன்னறைக்கு வரச் சொன்னேன், மறுத்துவிட்டார். சின்னதாக ஒரு மர ஆப்பைச் செதுக்கி, விரிசலுக்குள் என்னை அடிக்கச் சொன்னார்.

“சுரங்கத்துல இப்படித்தான் பாப்போம். பாறை நகந்தா விரிசல் விரியும், ஆப்பு தானா விழும். விழுந்தா ஓடு. விழலன்னா வேலையப் பாரு.”

“அதுக்கு முன்னாடி சுவரே விழுந்துட்டா?”

“நில அளவை படிக்கிறவன் கேக்குற கேள்வியாடா இது? மலை சொல்லிட்டுத்தான் வரும்.”

மாலை வகுப்பில் அளக்காததை நம்பாதே என்பதுதான் முதல் பாடம். ஆனால் தினமும் ராத்திரி சாப்பிடும்போது சுவருக்குள் மணல் சரிவதுபோல் எனக்குக் கேட்டது. எலியாக இருக்கலாம். என் காதின் கோளாறாகவும் இருக்கலாம். ஒவ்வொரு முறையும் எழுந்துபோய் ஆப்பைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாகவே இருந்தது.

“நிக்குதா?”

“நிக்குதுப்பா.”

“பின்ன ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?”

ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவைக் குளிக்கவைத்துக் கூட்டிவந்தபோது பின்னறைக் கதவு தரையில் உரசியது. ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். உள்ளே அத்தை பெருக்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் தங்கை, எங்களோடுதான் இருக்கிறார். அப்பாவைக் கட்டிலில் உட்காரவைத்துத் திரும்பினால், அத்தை கையில் சுத்தியல்.

“எதுக்கு அத்தை?”

“இந்தச் சனியன் பிடிச்ச ஆப்புதான். தினம் காலையில கீழ கிடக்குது. நீங்க குளிக்கப் போற நேரமாப் பாத்து நானும் அடிச்சு அடிச்சு ஏத்துறேன். இன்னைக்கு நிக்கவே மாட்டேங்குது, துணி சுத்தி அடிக்கலாம்னு பாக்குறேன். முட்டுக்கட்டை ஆப்பு தளர்ந்தா உடனே இறுக்கணும்னு நீதானேண்ணே சொல்லுவ?”

அப்பா கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழப் பார்த்தார்.

“அது தாங்குற ஆப்புடி. இது சொல்ற ஆப்பு.”

அவர் முகத்தில் பயத்தை அதுவரை நான் பார்த்ததில்லை. அத்தையின் கையிலிருந்து சுத்தியல் நழுவியது. அது விழுந்த இடத்தில் தரை காலிப் பானையைத் தட்டியதுபோல் ஒலித்தது.

“ரெண்டு பேரும் வெளிய போங்க. என்னைத் தூக்கிட்டு இருந்தா நேரமாகும்.”

“வாய மூடுண்ணே,” என்றார் அத்தை. “டேய், குனி.”

அப்பாவை என் முதுகில் ஏற்றினார். பாதி திறந்த கதவு அதற்குமேல் நகரவில்லை. நிலை சாய்ந்திருந்தது. அத்தை முதலில் நுழைந்து அப்பாவின் தோளைப் பிடித்து இழுக்க, நான் பக்கவாட்டில் நெளிந்தேன். கழுத்தில் மண் உதிர்ந்தது. என் காதருகே அவர் மூச்சு விசில்போல் அடித்தது.

வெளியே எதிர்வீட்டு லாரிக்காரர் பல் துலக்கிக்கொண்டிருந்தார். “என்ன பெரியவரே, இந்த வயசுல உப்புமூட்டையா?”

வீடு அசையாமல் நின்றது. வெயில்கூடச் சுவரில் அழகாக விழுந்திருந்தது. இவ்வளவு ஆர்ப்பாட்டம் தேவைதானா என்று கூசியது. அப்பாவின் மூச்சு மருந்து கட்டிலுக்கடியில் இருந்தது. எடுத்து வந்துவிடலாம் என்று அத்தையிடம் சொல்லி முடிக்கவில்லை, அப்பா என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய சத்தமெல்லாம் இல்லை. யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டதுபோல. திறந்திருந்த வாசல்வழியாகப் பார்த்தால் பின்னறை இருந்த இடத்தில் வெளிச்சம் இருந்தது. கட்டில் இல்லை, தரை இல்லை. குளிர்ந்த காற்று எங்கள் மேல் வீசியது. ஊறிய மரத்தின் நாற்றம்.

“இது நாங்க தோண்டினது இல்ல,” என்றார் அப்பா. “இன்னும் பழசு.”

“சுரங்கம் எந்தப் பக்கம் போகுதுப்பா?”

அவர் தரையைக் காட்டினார். எங்கள் வாசற்படியிலிருந்து முடி அளவு கோடு ஒன்று தெருவைக் கடந்து, லாரிக்காரரின் கால்களுக்கு இடையே புகுந்து, அவர் வீட்டுக்குள் போயிருந்தது. அப்பா கத்த முயன்றார். வெறும் காற்றுதான் வந்தது. அவரை அத்தையிடம் இறக்கிவிட்டு ஓடினேன். வாயில் நுரையோடு லாரிக்காரர் எனக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தார், பிள்ளைகளைக் கூப்பிட்டபடி. உள்ளே டிவி சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது.