மெஷின் நின்ற நேரம்

எங்கள் தையல் கூடத்துக்கும் குழந்தைகள் காப்பகத்துக்கும் நடுவே ஒரே ஒரு சுவர். இந்தப் பக்கம் நாங்கள் சட்டை தைப்போம். அந்தப் பக்கம் எங்கள் பிள்ளைகள் தூங்குவார்கள். மெஷின் சத்தம்தான் அவர்களுக்குத் தாலாட்டு. கரண்ட் போய் மெஷின்கள் நின்றால் போதும், அத்தனையும் முழித்துக்கொண்டு ஊரைக் கூட்டிவிடும். விடுமுறை நாளில் என் மகளைத் தூங்கவைக்க நான் படும் பாடு எனக்குத்தான் தெரியும்.

அந்தக் காப்பகத்தை ஊரின் மறுகோடிக்கு மாற்றப்போவதாக நகராட்சி அறிவித்தது. மாற்றினால் நான் வேலையை விட வேண்டியதுதான். பிள்ளையை அங்கே விட்டுவிட்டு இங்கே வந்து சேர்வதற்குள் பாதிப் பொழுது போய்விடும். ஆட்சேபம் இருந்தால் இணையதளத்தில் பதிவு செய்யலாம் என்று அறிவிப்பின் அடியில் ஒரு வரி இருந்தது. அந்த வரியைப் பிடித்துக்கொண்டோம்.

என் கணவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஃபோனைத் தடவினா காப்பகம் இங்கயே நிக்குமா? விரல் நோகாம ஒரு போராட்டமா?"

"தெருவுல உட்கார்ந்தா சம்பளம் போகும். நீங்க தருவீங்களா?" என்றேன். மனிதர் செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

டீ இடைவேளையில் காலர் தைக்கும் அக்கா ஒரு வாக்கியம் எழுதினார். "பணிபுரியும் தாய்மார்களின் நலன் கருதி" என்று ஆரம்பிக்கும். படிக்கும்போதே எழுந்து நிற்கத் தோன்றும். நாங்கள் யார்? சாம்பிள் சட்டை ஒன்றை முன்னால் மாட்டிவைத்தால், நூல் பிசகாமல் அதேபோல் தைத்துத் தள்ளுகிறவர்கள். கூடம் முழுக்க ஃபோனுக்கு ஃபோன் அதே வாக்கியம் போயிற்று. நானோ செக்கிங்கில் இருப்பவள், சும்மா இருப்பேனா? ஒவ்வொரு ஃபோனாக வாங்கிப் பார்த்தேன். பட்டன் தைக்கும் அக்கா மட்டும் கடைசியில் சொந்தமாக ஒரு வரி சேர்த்திருந்தார்.

"இது சாம்பிள்ல இல்லையேக்கா. எடுத்துடுங்க."

அவர் வாயில்லாப் பூச்சி. எடுத்துவிட்டார். அத்தனை பேரும் அதையே பதிவு செய்தோம்.

மறுநாளே நகராட்சியிலிருந்து பதில் வந்தது. எல்லாம் ஒரே மாதிரி இருப்பதால், யாரோ ஒருவர் பல பெயர்களில் அனுப்பியதாகக் கருதி அத்தனையையும் நீக்கிவிட்டார்களாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரே மாதிரி வரவேண்டும் என்றுதானே இத்தனை வருஷமும் கூடத்தில் எங்களைப் போட்டு வறுத்தெடுத்தார்கள்?

"இப்ப என்னடி பண்றது?" என்றார் காலர் அக்கா.

பட்டன் அக்கா தலையை நிமிர்த்தினார். "பிரிச்சுத் தைக்க வேண்டியதுதான். அவங்கவங்க அளவுக்கு."

அவர் இவ்வளவு நீளமாகப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை.

ஆளுக்கு ஒன்று எழுதினோம். தன் பையன் முதல் அடி எடுத்துவைத்ததை ஓடிப்போய்ப் பார்க்க முடிந்தது என்று ஒருத்தி எழுதினாள். இன்னொருத்தி, நகராட்சித் தலைவரையே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஒரு நாள் போய்வரச் சொன்னாள். பட்டன் அக்கா, நான் எடுக்கச்சொன்ன அதே வரியை எழுதினார்: "எங்கள் மெஷின் நின்றால் எங்கள் பிள்ளைகள் முழித்துக்கொள்ளும்." அதை நான் செக் பண்ணவில்லை. எல்லாம் எழுதி முடித்துக் கூடத்தைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

வீட்டில் என் ஃபோனை வாங்கி எங்கள் பதிவுகளைப் படித்த கணவர் இன்னொரு முறை முதலிலிருந்து படித்தார். பிறகு தன் ஒர்க்‌ஷாப் ஆட்களுக்கெல்லாம் அனுப்பிவைத்தார். ஏன் என்று கேட்டதற்கு, "சும்மாதான்," என்றார்.

அடுத்த வாரம் ஒரு மதியம், காலர் அக்காவின் ஃபோன் அதிர்ந்தது. படித்தார். எழுந்து நின்று சத்தமாக மறுபடி படித்தார். பதிவுகளைப் பரிசீலித்ததில், காப்பகம் இப்போதுள்ள இடத்திலேயே தொடரும்.

ஒவ்வொரு மிதிப்பலகையிலிருந்தும் கால்கள் எழும்பின. கரண்ட் இருக்கும்போதே கூடம் மொத்தமும் அடங்கிப்போனது அன்றுதான். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சிணுங்கல் கேட்டது. அடுத்து இன்னொன்று. பிறகு அத்தனையும் சேர்ந்து வீறிட்டன. அதில் என் மகளின் குரல் தனியாகத் தெரிந்தது.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "மெஷினை ஓட்டுங்கம்மா, பிள்ளைங்க அழுவுது."

"கொஞ்சம் அழட்டும் சார்," என்றார் பட்டன் அக்கா. "இங்கதானே அழுவுதுங்க."