விடிந்ததும் வைக்கும் அடி

கட்டிலிலிருந்து இறங்கி வலது காலைத் தரையில் ஊன்றியதும் சாந்தினி சுவரைப் பிடித்துக்கொண்டாள். குதிகாலுக்கு மேலே, பின்புறம், காய்ந்த கயிற்றை யாரோ முறுக்கி இழுப்பதுபோல் இருந்தது. பல் துலக்கி, அடுப்பில் தண்ணீர் வைப்பதற்குள் அந்த இறுக்கம் தானாகவே தளர்ந்துவிட்டது. தளர்ந்துவிடுவதால்தான் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சில வாரங்களாகவே இப்படித்தான். ஐம்பதைத் தாண்டினால் உடம்பில் ஏதாவது ஒன்று முனகத்தான் செய்யும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

பாசிர் கூடாங்கில் பிளாஸ்டிக் டப்பாக்கள் செய்யும் தொழிற்சாலையில் அவளுக்கு நின்றுகொண்டே பார்க்கிற வேலை. கணவர் ராஜசேகரன் போன வருடம் மாரடைப்பில் போய்விட்டார். ஒரே மகள் ரூபினிக்குப் பினாங்கில் வேலை. வேலை முடிந்து வீட்டுக் கதவைத் திறந்தால் உள்ளே இருக்கும் அமைதி முகத்தில் அடிக்கும். அதைத் தாங்க முடியாமல்தான் மாலையில் நடக்கத் தொடங்கினாள். அவள் குடியிருக்கும் தாமான் ஓரத்துப் பூங்காவில் ஒரு குன்றும் அதில் ஏறப் படிகளும் இருந்தன. முதலில் கீழேயே சுற்றினாள், பிறகு படியேறினாள், பிறகு வீடு திரும்ப மனமில்லாமல் இறங்கிய வேகத்தில் மறுபடியும் ஏறினாள். காலில் அடி தேய்ந்த பழைய சப்பாத்து. எதிரே வரும் சீனத் தம்பதி தலையசைப்பார்கள். மலாய்ப் பெண்மணி ஒருத்தி மேலே காற்று நன்றாக இருக்கிறது என்பாள். பெயர் கேட்கும் அளவுக்கு யாரோடும் பழக்கமில்லை. ஆனாலும் தான் ஒருநாள் வராவிட்டால் அவர்கள் கவனிப்பார்கள் என்று சாந்தினி நம்பினாள்.

கவனித்தது வேறொருவன். தொழிற்சாலைப் பேருந்தை ஓட்டும் குணாளன், அவள் இரண்டு கைகளாலும் கம்பியைப் பிடித்துப் பக்கவாட்டாக இறங்குவதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

"என்னக்கா, நண்டு மாதிரி எறங்குறீங்க? கால்ல என்ன?"

சாந்தினி கம்பியை விடாமல் அவனைத் திரும்பிப் பார்த்தாள். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தவள், விடிந்ததும் வலிப்பது, நடக்க நடக்கப் போய்விடுவது, படியேறிய நாட்களில் திரும்ப வருவது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். இறங்குவதற்காகப் பின்னால் ஆட்கள் காத்து நின்றதுகூட அவளுக்கு உறைக்கவில்லை.

"வலி போயிருதேன்னு விட்றாதீங்கக்கா. என் மச்சான் அப்படித்தான் விட்டாரு. பந்து வெளையாடுறப்ப நரம்பு அந்துருச்சு. கிளினிக் போயிருங்க லா."

கிளினிக்கில் இளம் மருத்துவர் ஒருவர் அவளைக் குப்புறப் படுக்கவைத்து இரண்டு கால்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். குதிகாலுக்கு மேலே வலது கால் சற்றுத் தடித்திருந்தது. அந்த இடத்தை விரல்களுக்கிடையே பிடித்து லேசாக அழுத்தியதும் சாந்தினி காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். கெண்டைச் சதையைக் குதிகாலோடு இணைக்கும் நாணில் அழற்சி தொடங்கியிருக்கிறது, ஆரம்பத்திலேயே வந்தது நல்லது என்றார். குன்று ஏறக்கூடாது. சப்பாத்தை மாற்ற வேண்டும். கொஞ்சம் குறைந்ததும் பயிற்சி சொல்லித்தருவார்கள். நடப்பதையே நிறுத்த வேண்டுமா என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டதை அவர் வேறுவிதமாக எடுத்துக்கொண்டு, எடை குறைக்க வேறு வழிகளும் இருக்கின்றன என்று சமாதானம் சொன்னார்.

அன்று மாலையும் பூங்காவுக்குப் போனாள். படிகளுக்குக் கீழே இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். சீனத் தம்பதி பேசிக்கொண்டே அவளைக் கடந்து மேலே ஏறிப் போனார்கள். உட்கார்ந்திருப்பவளை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை போலும். சற்று நேரம் இருந்துவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்தாள்.

ரூபினி வீடியோவில் அழைத்தாள். சாப்பாட்டைப் பற்றி, மழையைப் பற்றிப் பேசி முடித்த பிறகு சாந்தினி காலைப் பற்றிச் சொன்னாள்.

"இத்தன நாளா ஏன்மா சொல்லல?"

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்பதை விழுங்கிக்கொண்டு, "சின்ன வலிதான்மா" என்றாள்.

மகள் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தாள். பிறகு, "கொஞ்சம் நடந்து காட்டுங்கம்மா. நான் பாக்கணும்" என்றாள்.

சாந்தினி தொலைபேசியை நாற்காலிக் காலில் சாய்த்துத் தரையில் நிறுத்தினாள். சேலையைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு சமையலறையைப் பார்த்து நடந்தாள். பின்னாலிருந்து ஒரு சத்தமும் இல்லை. மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாளா, லைன் நின்றுவிட்டதா, தெரியவில்லை. திரும்பிப் பார்க்காமல், குதிகாலை மெல்லத் தூக்கி மெல்ல வைத்து, அவள் நடந்துகொண்டிருந்தாள்.